சட்டைப்பைக் கம்ப்யூட்டர்: திரை பெரிதா, உரிமை பெரிதா?

ஒரு சாமானின் குணத்தை விற்பவரிடம் கேட்கக்கூடாது; வாங்கி ஒரு வருஷம் உபயோகித்தவரிடம் கேட்க வேண்டும். கடையில் எல்லா விளக்கும் பிரகாசமாகத்தான் எரியும். அது எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர் விஷயத்தில் இது முற்றிலும் உண்மை. ஐபோன் பிறப்பதற்கு நாலரை வருஷம் முன்பே, மிகத் துல்லியமான திரையுள்ள ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் அதைப் புகழ்ந்தார்கள்; குறை சொன்னார்கள்; திருத்தினார்கள்; கம்பெனி கைவிட்ட பிறகும் தாங்கள் கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள். இன்று செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய அநுபவத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

ஸாரஸ் வந்த கதை

அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் ‘ஸாரஸ்’. செய்தது ஷார்ப் கம்பெனி. அந்தப் பெயரில் அக்கம்பெனி 1993 முதலே கையடக்கக் குறிப்பேடுகளை விற்று வந்தது. 2002 டிசம்பரில் வந்த ‘எஸ்.எல். சி-700’ என்ற மாடல்தான் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது.

மூடினால் ஒரு சிறு டைரி. நீளம் 12 சென்டிமீட்டர். எடை கால் கிலோவுக்கும் குறைவு. திறந்தால் மேல் பாதியில் திரை, கீழ்ப் பாதியில் எழுத்துப் பலகை. கீலில் திரையை அரை வட்டம் திருப்பி, முகம் மேலே இருக்கும்படி மடக்கிவிட்டால் ஒரு சிலேட்டு. குறுக்குவாட்டில் இருந்த படம் தானே நெடுக்குவாட்டில் திரும்பிவிடும். கட்டுரை எழுத வேண்டுமானால் பலகை. புத்தகம் படிக்க வேண்டுமானால் சிலேட்டு. ஒரே சாமானில் இரண்டு சௌகரியம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிது அந்தத் திரை. மூலைக்கு மூலை 3.7 அங்குலம். அதற்குள் குறுக்கே 640 புள்ளிகள், நெடுக்கே 480 புள்ளிகள். மொத்தம் 3,07,200 புள்ளிகள். அந்த நாளில் கையடக்கக் கம்ப்யூட்டர்களில் உயர்ந்த ரகம் என்று விற்றவற்றில்கூட 240-க்கு 320 என்பதுதான் வழக்கம். அதாவது 76,800 புள்ளிகள். ஸாரஸில் இருந்தது அதைப்போல் நாலு மடங்கு.

பள்ளிக்கூடத்துக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 640-ம் 480-ம் பக்கங்களாக உள்ள செங்கோணத்தில் குறுக்குக் கோட்டின் அளவு சரியாக 800. அதை 3.7-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 216 புள்ளிகள். ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாது. அச்சுப் போலத் தெரியும்.

ஜப்பானுக்கு ஏன் இந்த ஆசை?

இப்படி ஒரு திரை முதலில் ஜப்பானில் தோன்றியதற்குக் காரணம் உண்டு. ஆங்கில எழுத்தைச் சில புள்ளிகளைக் கொண்டே காட்டிவிடலாம். ஜப்பானியர் எழுதும் சித்திர எழுத்துக்களின் சங்கதி வேறு. ‘மனச்சோர்வு’ என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தில் மட்டும் 29 கோடுகள். புள்ளிகள் போதாவிட்டால் அந்த எழுத்து மை கொட்டிய கறையாகிவிடும். மேலும், கடினமான எழுத்துக்களுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைப் பொடி எழுத்தில் அச்சிடும் வழக்கம் அங்கே உண்டு. அந்தப் பொடி எழுத்தையும் திரை காட்ட வேண்டும். ஆகவே அங்கே துல்லியம் என்பது ஆடம்பரமாக இருக்கவில்லை. படிப்பதற்கு அவசியமாக இருந்தது.

ஷார்ப் கம்பெனியின் வரலாற்றிலும் இதற்கு வேர் இருக்கிறது. அதை நிறுவிய டோகுஜி ஹயகாவா 1915-ல் உலோகத்தில் ஒரு பென்சில் செய்தார். சீவ வேண்டியதில்லை, திருகினால் முனை வெளியே வரும். எப்போதும் கூர்மையாக இருக்கும் அந்தப் பென்சிலின் பெயரிலிருந்துதான் ‘ஷார்ப்’ என்ற பெயரே வந்தது. 1923-ல் டோக்கியோவை அழித்த பூகம்பத்தில் தொழிற்சாலையை இழந்தார். மனைவியையும் குழந்தைகளையும் இழந்தார். ஒஸாகாவுக்குப் போய் மறுபடியும் ஆரம்பித்தார். 1925-ல் ரேடியோ, 1964-ல் டிரான்ஸிஸ்டர் கணக்கு யந்திரம், 1973-ல் திரவப் படிகத் திரை கொண்ட சட்டைப்பைக் கணக்கு யந்திரம்.

அந்த 1973-ம் வருஷத்து யந்திரத்தில் திரையும் சர்க்யூட்டும் ஒரே கண்ணாடித் தகட்டின் மேல் அமைந்திருந்தன. ஸாரஸ் திரையிலும் அதே எண்ணம்தான் வேறு உருவில் வந்தது. கண்ணாடியின் மேல் பூசும் சிலிக்கன் படலத்தில் மின்சாரம் மிக வேகமாக ஓடும்படி செய்தார்கள். அதனால், புள்ளிகளை இயக்கும் சர்க்யூட்டைத் தனியே ஒட்டாமல், கண்ணாடி ஓரத்திலேயே அமைக்க முடிந்தது. சிறிய இடத்தில் அவ்வளவு புள்ளிகளை நெருக்க முடிந்த ரகசியம் இதுதான்.

கண்ணுக்கு விருந்து

வாங்கியவர்களின் முதல் அபிப்பிராயம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. ‘இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தெளிவா!’ என்ற வியப்பு. அக்காலத்து இணையப் பக்கங்கள் மேஜைக் கம்ப்யூட்டருக்கென்று தயாரானவை. மற்றக் கையடக்கங்களில் ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டுமானால், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். சாவித் துவாரத்தின் வழியாகச் சுவரொட்டி படிப்பது போல. ஸாரஸிலோ பக்கத்தின் முழு அகலமும் ஒரே பார்வையில் கிடைத்தது.

புத்தகம் படிப்பவர்களுக்கும் அது பெரிய வரமாயிற்று. பதிப்புரிமைக் காலம் கடந்த ஜப்பானிய இலக்கியங்களைத் தொண்டர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டெழுதி, 1997 முதல் ‘அவோஸோரா புங்கோ’ என்ற பெயரில் இலவசமாக வழங்கி வருகிறார்கள். அவற்றைக் கையடக்கத்தில் ஏற்றிக்கொண்டு ரயிலில் படிப்பது ஒரு வழக்கமாயிற்று. 2004-ல் வந்த ‘சி-3000’ மாடலில் 4 ஜிகாபைட் கொள்ளளவுள்ள சிறு வட்டுத் தகடும் உள்ளே இருந்தது. அகராதிகளும் நூல்களும் சட்டைப்பைக்குள் குடியேறின.

பாட்டரி என்ற பள்ளம்

விருந்து முடிந்ததும் கணக்கு வந்தது. முதல் குறை பாட்டரி.

1973-ம் வருஷத்துக் கணக்கு யந்திரம் ஒரே ஒரு சின்ன பாட்டரியில் 100 மணி நேரம் ஓடியது. முப்பது வருஷத்துக்குப் பிறகு வந்த சி-700 மாடலோ, திரையின் வெளிச்சத்தைத் தாராளமாக வைத்தால் சில மணி நேரத்தில் களைத்துவிடும். துல்லியமான திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிய வேண்டும். கம்பியில்லா இணையத் தொடர்பு உள்ளே இல்லை. அதற்குத் தனி அட்டை செருக வேண்டும். அந்த அட்டையும் அதே பாட்டரியிலிருந்துதான் உறிஞ்சும். காலையில் புறப்பட்டவர் மாலையில் திரும்பும் வரை கம்ப்யூட்டர் உயிரோடு இருக்குமா என்று கவலைப்பட வேண்டியிருந்தது.

கம்பெனி இந்தக் குறையை உணர்ந்தது. 2003-ல் வந்த ‘சி-760’ மாடலில் பெரிய பாட்டரியை வைத்தார்கள், நினைவாற்றலையும் இரட்டித்தார்கள். கனம் கூடியது. ஆனால் வாங்கியவர்கள் கனத்தைப் பற்றிக் குறை சொன்னதை விட, நாள் தாங்குகிறதே என்று சந்தோஷப்பட்டதுதான் அதிகம். மெலிவாக இருப்பது கடை அலமாரியில் அழகு. நாள் முழுவதும் உழைப்பது வழியில் அழகு.

மற்றக் குறைகளும் இருந்தன. சி-700-ல் செயல்படும் நினைவு 32 மெகாபைட்தான். சற்றுப் பெரிய வேலை கொடுத்தால் திணறும். எழுத்துப் பலகை கட்டைவிரல்களுக்குத்தான் ஏற்றது. பத்து விரலும் பழகியவர்களுக்கு அது பொம்மை வீட்டுச் சமையலறை. மடக்கும் ரக ஸாரஸை ஜப்பானில் மட்டுமே விற்றார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசைப்பட்டவர்கள் இடைத்தரகர்கள் மூலம் வரவழைத்து, ஜப்பானிய மொழியில் இருந்த பட்டியல்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

நாலு மடங்குப் புள்ளி, என்ன லாபம்?

ஜப்பானிய ஸாரஸோடு போட்டிக்கு வேறு சிலவும் வந்தன. தோஷிபா கம்பெனி 2003-ல் இதே 640-க்கு 480 புள்ளிகளோடு ஒரு கையடக்கத்தைக் கொண்டு வந்தது. டெல் கம்பெனி 2004-ல் ‘ஆக்ஸிம் எக்ஸ்-50வி’ என்பதை விற்றது. இவை மைக்ரோஸாப்டின் விண்டோஸ் மொபைலில் ஓடின.

இங்கேதான் வாங்கியவர்களுக்கு ஒரு விசித்திரமான அநுபவம் கிடைத்தது. திரையில் புள்ளிகள் நாலு மடங்கு. ஆனால் திரையில் தெரியும் விஷயமோ பெரும்பாலும் பழைய அளவுதான்! எழுத்து வழவழப்பாக ஆனது, வரிகள் அதிகமாகவில்லை. பழைய புரோகிராம்கள் குழம்பாமல் ஓடட்டும் என்று, ஒரு புள்ளி இருந்த இடத்தில் நாலு புள்ளிகளைப் போட்டு நிரப்பும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நாலு அறை வீட்டுக்கு வாடகை கொடுத்து, ஓர் அறையில் மட்டும் வெள்ளையடித்துக் கொடுத்தது போல.

இதில் இரண்டு கட்சி. ‘எழுத்து அழகாக இருந்தால் போதும், கண் நோகாது’ என்பது ஒரு கட்சி. ‘காசு கொடுத்தது இடத்துக்கு, இடத்தைத் திறந்துவிடு’ என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. திரை முழுவதையும் உபயோகிக்கும்படி செய்கிற சிறு புரோகிராம்களை எழுதிப் பரப்பினார்கள். கண் கூர்மையுள்ள இளைஞருக்கு அது பிடித்தது. நாற்பது வயதைக் கடந்தவருக்கு முதல் ஏற்பாடே பிடித்தது. இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதே இல்லை. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடிந்தது என்பதுதான் சரி.

இன்னொரு கசப்பும் உண்டு. எக்ஸ்-50வி வெளிவந்த காலத்து விண்டோஸ் மொபைலில், வாங்கியவர் ஏற்றும் புரோகிராம்களும் எழுதும் குறிப்புகளும் மின்சாரம் இருக்கும் வரைதான் இருக்கும். பாட்டரி முழுவதும் தீர்ந்துவிட்டால் அவை அழிந்துபோகும். 2005-ல் வந்த அடுத்த பதிப்பில்தான் அது திருந்தியது. ஸாரஸ் இந்த விஷயத்தில் முதலிலேயே முந்திக்கொண்டது. மின்சாரம் போனாலும் மறக்காத நினைவில்தான் அது எழுதி வைத்தது. திரையின் துல்லியத்தைப் பத்து விளம்பரங்கள் சொல்லும். எழுதியது நிலைக்குமா என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

வாங்கியவர்கள் எஜமானர்கள் ஆனார்கள்

இவ்வளவு குறை இருந்தும், ஸாரஸை வாங்கியவர்கள் அதை ஏன் பிள்ளை போல வளர்த்தார்கள்? திரை ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம், அது அவர்கள் சொன்னதைக் கேட்டது.

அது லினக்ஸில் ஓடியது. அதன் அடிப்படைப் புரோகிராமின் மூலத்தை யாரும் வாங்கிப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். லினக்ஸின் உரிம நிபந்தனையே அது. கம்பெனி போட்டுக் கொடுத்த ஏற்பாடு பிடிக்கவில்லையா? அதை அடியோடு எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். ‘ஓப்பன் ஸாரஸ்’, ‘பி.டி.ஏ. எக்ஸ்-ராம்’ என்று தொண்டர்கள் தயாரித்த பதிப்புகள் அப்படித்தான் வந்தன. மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்களைக்கூடச் சிலர் இந்த 3.7 அங்குலத்துக்குள் கொண்டு வந்தார்கள்.

பாட்டரி தேய்ந்துவிட்டதா? பின்புற மூடியை விலக்கி எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம். இடம் போதவில்லையா? இரண்டு வகை நினைவு அட்டைகளைச் செருக இரண்டு வாசல்கள். ஒவ்வொன்றும் சிறு சௌகரியம்தான். எல்லாம் சேர்ந்தால் அதற்குப் பெயர் உடைமை.

2006-ல் வந்த ‘சி-3200’ கடைசி மாடல். 2008 முடிவதற்குள் உற்பத்தி நின்றுவிட்டது. கம்பெனிக்கு அதோடு கணக்குத் தீர்ந்தது. வாங்கியவர்களுக்குத் தீரவில்லை. ‘ஓப்பன் பி.எஸ்.டி.’ என்ற இயங்குதளத்தைப் பராமரிக்கும் தொண்டர்கள், ‘சி-3000’ வரிசை ஸாரஸுக்கென்று தனிப் பதிப்பைத் தயாரித்து வந்தார்கள். 2016 வரை அந்தப் பதிப்பு வெளிவந்தது. 2004-ம் வருஷத்துச் சாமானுக்குப் பன்னிரண்டு வருஷ ஆயுள்! செய்தவர் மறந்த பிறகும் வைத்திருந்தவர் மறக்கவில்லை. வாசல் பூட்டியிருக்கவில்லை என்பதால்தான் இது சாத்தியமாயிற்று.

பாதிப் புள்ளியோடு வந்தவர் வென்றார்

2007 ஜூனில் ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதன் திரையில் 320-க்கு 480 புள்ளிகள், மொத்தம் 1,53,600. ஸாரஸில் இருந்ததில் சரிபாதி! அங்குலத்துக்கு 163 புள்ளிகள்தான். ஆனாலும் உலகத்தைப் பிடித்தது அதுதான்.

துல்லியமே எல்லாம் என்று நினைத்தவர்களுக்கு இது ஒரு பாடம். விரலால் தொட்டால் ஓடுகிற லாகவம், குழந்தையும் புரிந்துகொள்கிற எளிமை, பேசும் டெலிபோனும் அதிலேயே இருந்த சௌகரியம் இவற்றுக்கு முன்னால் புள்ளிக் கணக்கு தோற்றது. இதை ஸாரஸ் பிரியர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு சாமானை உபயோகிக்க ஒரு புத்தகம் படிக்க வேண்டியிருந்தால், அது ஊருக்கு உதவாது. சில ஆர்வலர்களுக்குத்தான் உதவும்.

ஆனால் எளிமையோடு பூட்டும் சேர்ந்து வந்தது. முதல் ஐபோனில் வெளியார் எழுதிய புரோகிராம்களை ஏற்றுவதற்கு முறையான வழியே வைக்கவில்லை. 2008 ஜூலையில் ஒரு கடை திறந்தார்கள். கம்பெனி அனுமதித்த சரக்கு மட்டும் அந்தக் கடையில் கிடைத்தது. பாட்டரியை உபயோகிப்பவர் மாற்ற முடியாதபடி உள்ளே வைத்து மூடினார்கள். அதைப் பார்த்து மற்றக் கம்பெனிகளும் படிப்படியாக அந்த வழிக்கே வந்தன. யானையை விற்றவர் அங்குசத்தைத் தம் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போன கதைதான் இது.

எதிர்வாதமும் உண்டு

பூட்டுக்கு ஆதரவாகச் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். இன்றைய செல்போனில் பாங்கிக் கணக்கு இருக்கிறது. குடும்பப் படங்கள் இருக்கின்றன. வைத்தியரின் சீட்டு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றால், திருடனும் ஏற்றுவான். ஸாரஸை வைத்திருந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கோடிக்கணக்கான ஜனங்கள் அப்படியல்ல. அவர்களைக் காப்பாற்ற வாசலில் காவல் வேண்டும். இது ஒரு வாதம். மூடி திறக்காத உடலில் தண்ணீர் எளிதில் புகாது என்பது இன்னொரு வாதம்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. வீட்டுக்குப் பூட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பூட்டின் சாவி வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. திருடனுக்குப் பயந்து பூட்டுப் போட்ட கொத்தனார், சாவியைத் தாமே எடுத்துக்கொண்டு போனால் அதைக் காவல் என்று சொல்ல முடியாது. விஷயம் தெரியாதவர் பூட்டியபடியே வைத்திருக்கட்டும். விஷயம் தெரிந்தவர், எச்சரிக்கையைப் படித்து, பொறுப்பேற்றுத் திறக்க விரும்பினால் அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். அப்படித் திறக்க இடம் கொடுக்கும் செல்போன்கள் சில இப்போதும் உண்டு. அவற்றால் உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

கம்பெனி பராமரிப்பை நிறுத்திய பிறகு காவல் என்ற வாதமே நிற்காது. காவற்காரர் போன பின்னும் கதவு பூட்டியே கிடந்தால், உள்ளே இருப்பவருக்கு அது சிறை. திரை நன்றாக இருக்கும். உள்ளிருக்கும் சில்லுகள் நன்றாக இருக்கும். புதிய பதிப்பு வராததால் மட்டும் சாமான் குப்பைக்குப் போகும். வாங்கியவருக்கு நஷ்டம், பூமிக்கும் நஷ்டம்.

புள்ளிப் போட்டி முடிந்தது

2010-ல் ஐபோனின் நாலாவது பதிப்பு வந்தது. 960-க்கு 640 புள்ளிகள். ஸாரஸைப்போல் சரியாக இரண்டு மடங்கு. அங்குலத்துக்கு 326. பத்துப் பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் பிடித்தால், அங்குலத்துக்குச் சுமார் 300 புள்ளிகள் போதும். அதற்கு மேல் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது என்று அறிமுகக் கூட்டத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். சாதாரணக் கண்ணின் கணக்கும் ஏறக்குறைய அதை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அங்குலத்துக்கு 400, 500 என்று திரைகள் வந்துவிட்டன. கழுகுக்கு வேண்டுமானால் பிரயோஜனப்படும்.

அதாவது, 2002-ல் ஜப்பானில் ஆரம்பித்த ஓட்டம் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. புள்ளிக்கு இனிமேல் பரிசு கிடையாது. இனி ஓட வேண்டிய பந்தயம் வேறு. பாட்டரி எத்தனை வருஷம்? பராமரிப்பு எத்தனை வருஷம்? திறக்க முடியுமா? திருத்த முடியுமா? ஸாரஸை வாங்கியவர்கள் அநுபவத்தில் கண்ட உண்மையும் இதுதான். திரைக்காக வாங்கினார்கள், உரிமைக்காக வைத்துக்கொண்டார்கள்.

சட்டமும் அந்தப் பக்கம் திரும்புகிறது

இது ஆர்வலர்களின் முணுமுணுப்பு மட்டும் என்று இனிச் சொல்ல முடியாது. ஐரோப்பிய யூனியன் 2023-ல் பாட்டரிகளைப் பற்றி ஒரு சட்டம் செய்தது. 2027 பிப்ரவரி 18 முதல், கையில் எடுத்துச் செல்லும் சாதனங்களின் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. சில விலக்குகளும் உண்டு. ஸ்மார்ட்போன்களுக்கென்று 2025 ஜூன் 20 முதல் வேறு விதிகள் அமலுக்கு வந்தன. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருஷம் இயங்குதளத் திருத்தங்கள் கிடைக்க வேண்டும். முக்கியமான உதிரி பாகங்கள் ஏழு வருஷம் கிடைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2024 மார்ச்சில் ஐபோனும், கம்பெனிக் கடை தவிர வேறு கடைகளுக்கு வாசல் திறக்க வேண்டியதாயிற்று. அதுவும் சட்டத்தின் நெருக்குதலால்தான்.

இவை நல்ல ஆரம்பம். ஆனால் ஒரு குறை இருக்கிறது. ஐந்து வருஷம் ஆனதும் என்ன? அப்போது சாவியை வாங்கியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி அவற்றில் இல்லை. பராமரிப்பை நிறுத்தும் நாளில் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரே ஒரு வரியைச் சட்டத்தில் சேர்த்தால், எத்தனையோ சாமான்களுக்கு இரண்டாவது ஆயுள் கிடைக்கும். தொண்டர்கள் இருந்தால் ஒரு யந்திரத்தைப் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றலாம் என்பதை ஸாரஸ் காட்டிவிட்டது.

கடையில் கேட்க வேண்டியவை

சட்டம் வரும் வரை வாங்குபவர் வாய் மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடைக்காரர் திரையைக் காட்டி, எத்தனை புள்ளி என்று பெருமை பேசும்போது, நாலு கேள்விகளைக் கேட்கலாம்.

பாட்டரி தேய்ந்தால் மாற்ற என்ன செலவாகும்? இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் திருத்தங்கள் வரும்? உதிரி பாகம் கிடைக்குமா? கம்பெனி கைவிட்டால் சாவி யாரிடம் இருக்கும்?

பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனிக்கு எழுதுவார். லட்சம் பேர் கேட்டால் கம்பெனியே விளம்பரத்தில் பதில் சொல்லும். மூன்று லட்சம் புள்ளிகளைச் சட்டைப்பைக்குள் அடக்கிய சாமர்த்தியத்துக்கு இந்த நாலு கேள்விகளுக்கும் விடை காண்பது பெரிய காரியமல்ல. கேட்பார் இல்லை என்பதுதான் குறை.